இரட்டைப் பூட்டில் ஒன்பது மாத்திரை

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு மனசு சரியில்லை என்றால் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறுவார். ராஜபாளையத்துக்காரருக்குச் சரியில்லை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவார். சொந்த ஊரில் அந்த டாக்டரைப் பார்க்கப் போனால், வீடு திரும்புவதற்குள் மகளுக்கு வந்த வரன் திரும்பிப் போயிருக்கும். அதனால் காலை வேளையில் இரண்டு ஊர் பஸ்ஸும் எதிரெதிரே கடக்கும்போது, ஜன்னலோரத்தில் சிலர் மட்டும் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். மற்றவர்கள் வெயிலுக்காக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ராஜபாளையத்தில் டாக்டர் அனுசியாவின் கிளினிக்குக்குப் பக்கத்துக் கடை ஒரு பல் ஆஸ்பத்திரி. அனுசியாவிடம் வருகிறவர்கள் எல்லாரும் பல் ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் உட்காருவார்கள், கன்னத்தைக் கையால் தாங்கியபடி. பேர் கூப்பிட்டதும் கன்னத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் ஓடி வருவார்கள். அந்தப் பல் டாக்டர் கைராசிக்காரர் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சு. நிஜமாகவே பல்வலி வந்தவனுக்குத்தான் உட்கார இடம் கிடைக்காது.

அப்படிக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்தவர் உக்கிரபாண்டி. மம்சாபுரத்துக்காரர், வயது நாற்பத்து மூன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார முத்திரைக் காப்பகத்தில் உதவியாளர். பெயரைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் ‘மன்னிச்சிருங்க’ என்று சொல்கிற ஜாதி அவர்.

அவருக்கு என்ன என்றால், போன ஐப்பசியில் அம்மா மாடத்தி செத்துப்போனாள். உக்கிரபாண்டிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கொள்ளி வைத்தபோதும் வரவில்லை, கருமாதியில் மொட்டை போட்டபோதும் வரவில்லை. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ‘நெஞ்சழுத்தக்காரன்’ என்றார்கள், மீதிப் பேர் ‘கல்நெஞ்சன்’ என்றார்கள். இரண்டுமே அவருக்குப் பொருந்தவில்லை. துக்கத்தை அவர் அடக்கவில்லை, அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு ரசத்துக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. சிரிப்பு போனது. பத்து மாதம் இப்படி இருந்தவரைப் பெண்டாட்டி கனகலட்சுமிதான் பிடித்து பஸ்ஸில் ஏற்றினாள்.

அனுசியா டாக்டர் நிதானமாகக் கேட்டுவிட்டு ஒரு வெள்ளை மாத்திரை எழுதினார். “மொத ரெண்டு வாரம் இது உங்கள ஒரு வழி பண்ணிரும். வாய் காயும், குமட்டும், கை லேசா நடுங்கும். தூக்கமே வராம கொட்டாவி மட்டும் வரும். வீட்டம்மா மேல உள்ள ஆசையும் கொஞ்ச நாளைக்குக் கொறையும். நோய் கூடிருச்சுன்னு பயந்துறாதீங்க. தெனமும் காலையில சாப்பிட்டுட்டுப் போடணும், ஒரு நாள் விடக் கூடாது. ஆறு வாரம். நடுவுல நிறுத்துனீங்கன்னா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.”

உக்கிரபாண்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஆறு வாரம் கழிச்சு அழுகை வருமா டாக்டர்?”

அழுகையை நிறுத்தச் சொல்லித்தான் எல்லாரும் அங்கே வருவார்கள். அனுசியா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “வரும்” என்றார். கனகலட்சுமி விரல் விட்டு எண்ணினாள். ஐப்பசியில் அத்தைக்கு வருஷத் தெவசம். அதற்கு இரண்டு நாள் முன்னால் ஆறு வாரம் முடிகிறது. நாற்பத்திரண்டு மாத்திரையை வாங்கி மாராப்புக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

இந்த இடத்தில் முத்திரைக் காப்பகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது எந்தத் துறைக்குக் கீழே வருகிறது என்பதில் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே தகராறு உண்டு. ஆனால் அதன் பெருமை அதன் இரும்பறை. கதவில் இரண்டு பூட்டு. ஒரு சாவி அலுவலர் சந்தனத்திடம், இன்னொரு சாவி கண்காணிப்பாளர் வெங்கடேஸ்வரியிடம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்று திருகினால்தான் திறக்கும். உள்ளே செல்லாத முத்திரைத்தாள் கட்டுகளும், துருப்பிடித்த முத்திரைகளும், 1987-ல் யாரோ பாதுகாக்கக் கொடுத்து மறந்துபோன ஒரு பொட்டலமும் இருந்தன. பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. தெரியாததனால்தான் அதற்கு அம்புட்டுக் காவல்.

சந்தனத்துக்கும் வெங்கடேஸ்வரிக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் ஆரம்பித்தது. பேச வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி அலுவலக உதவியாளர் பால்பாண்டியிடம் கொடுத்துவிடுவார்கள். எட்டடி தூரத்துக்கு அவர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை நடப்பார்.

மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாள், மாவட்டத் தலைமையின் வாராந்திரக் காணொளிக் கூட்டம். திரையில் ஏழு வட்டாரங்கள், நடுவே மாவட்டத் தலைவர். ‘விழிப்போடு பணியாற்றுவது எப்படி’ என்று அவர் பேசி நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. உக்கிரபாண்டிக்கு வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. தொண்டைக்கு அடியிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தார், கையை வைத்துப் பார்த்தார். தாடை கழன்றுவிடுமோ என்கிற அளவுக்கு ஒரு கொட்டாவி.

கொட்டாவிக்குத்தான் பதவி தெரியாதே. பக்கத்தில் இருந்த வெங்கடேஸ்வரிக்கு வந்தது. அவரைப் பார்த்துச் சந்தனம் விட்டார், இரண்டு வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே காரியம் அது. திரையில் அடுத்த வட்டாரம் விட்டது, அதற்கடுத்தது விட்டது. கடைசியில் மாவட்டத் தலைவரே ‘விழி’ என்று ஆரம்பித்து, அந்தச் சொல்லை முடிக்காமல் அரை நிமிஷம் வாயைத் திறந்தபடி இருந்தார்.

கூட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்க்க ஒரு குழு அமைத்தார்கள். சாலை வேண்டும் என்ற மனு பதினோரு வருஷம் தூங்குகிற மாவட்டத்தில், மூன்றே நாளில் அறிக்கை வந்தது. முதல் கொட்டாவி 10.42-க்கு, ஸ்ரீவில்லிபுத்தூர், இரண்டாம் வரிசை, இடது கோடி நாற்காலி. விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கும்படி உத்தரவு. மெமோ எழுதுவது உக்கிரபாண்டியின் இருக்கை வேலை. ‘தாங்கள் கொட்டாவி விட்டதோடு நில்லாமல் மாவட்டம் முழுவதும் கொட்டாவி பரவக் காரணமாயிருந்தது ஏன்’ என்று அவரே எழுதி, சந்தனத்திடம் கையெழுத்து வாங்கி, தனக்கே கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் போட்டார். விளக்கத்தில் வேறு வழியில்லாமல் உண்மையை எழுதினார். டாக்டர் சீட்டின் அசலையும் இணைத்தார், இணைப்பு இல்லாத விளக்கத்தை அவரே ஏற்றுக்கொள்ள மாட்டார். வேலைக்கே உலை வைக்கிற பதினேழு பி ஒழுங்கு நடவடிக்கை வந்துவிடுமோ என்று பயந்துகொண்டு நின்றார்.

சந்தனம் சீட்டைப் படித்தார். முகம் கனிந்தது. ஊழியர்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசினார்.

“உக்கிரபாண்டிக்கு மனசுக்குச் சொகமில்ல. இத யாரும் வெளிய சொல்லக் கூடாது. அதுக்குத்தான் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுதேன். நான் மனிதாபிமானி. எங்க அப்பாரு செத்தன்னைக்கும் மதியத்துக்கு மேல ஆபீஸ் வந்தவன் நான், எனக்கு மனுசன் கஷ்டம் தெரியும். ஆனா மனிதாபிமானத்துக்கு ஒரு ரிஜிஸ்டர் வேணும். அவரு மாத்திரைய ஒழுங்காப் போடுதாரா, ரெண்டாப் போடுதாரா, யாருக்குத் தெரியும்? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையத்தான் கேப்பான். நம்ம கிட்ட இரட்டைப் பூட்டு இருக்கு. 1987-ல வந்த பொட்டலமே இன்னும் பத்திரமா இருக்கு. இந்த மனுசன் மாத்திரைய நாம பத்திரமா வச்சிருக்க மாட்டமா?”

எல்லாரும் கை தட்டினார்கள். உக்கிரபாண்டிக்கும் கண் கலங்கவில்லையே தவிர, நன்றியாகத்தான் இருந்தது.

உத்தரவின் வரைவையும் அவர்தான் போட்டார். மாத்திரை அனைத்தும் இரும்பறையில் வைக்கப்படும். தினம் பதினோரு மணிக்கு இரு சாவிதாரர்கள் முன்னிலையில் ஒன்று வழங்கப்படும், அங்கேயே விழுங்கி நாக்கைக் காட்ட வேண்டும். வெளியிலிருந்து எந்த மாத்திரை கைக்கு வந்தாலும் உடனே ஒப்படைக்க வேண்டும். உறுதிமொழி அளித்து உக்கிரபாண்டி கையெழுத்திட்டார். சனி, ஞாயிறுக்கு என்ன செய்வது என்பது வரைவில் விட்டுப்போயிருந்தது. அதைச் சுட்டிக்காட்டியதும் அவரேதான். அரைகுறையாக ஒரு உத்தரவை வெளியே விட அவருக்கு மனசு வராது.

கனகலட்சுமி கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். “காலையில சாப்பிட்டுட்டுப் போடுங்கன்னா டாக்டரம்மா. பதினோரு மணிக்குப் போயி நாக்க நீட்டிக்கிட்டு நிக்கப் போறீயளா? கேட்டா வேண்டாம்னு சொல்ல வாயி இல்லையா?”

“அவிய நல்லதுக்குத்தாம்ட்டி செய்தாவ” என்றார் உக்கிரபாண்டி.

பத்தாம் நாள் மீதி முப்பத்திரண்டும் உள்ளே போயின. பதினோராம் நாள் முதல் வழங்கல். பதினோரு மணிக்குச் சந்தனம் சாவியோடு கதவருகே வந்து நின்றார். வெங்கடேஸ்வரியும் வந்து நின்றார். யார் முதலில் சாவியைப் போடுவது என்பதற்கு விதி இல்லை. முதலில் போட்டவர் கீழானவர் ஆகிவிடுவார். ஒன்றரை வரைக்கும் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் பால்பாண்டி “ஒண்ணு, ரெண்டு, மூணு” சொல்ல, ஒரே நேரத்தில் போட்டார்கள். அதற்குள் காலையில் தின்ற இட்லி எங்கேயோ போய்விட்டது. வெறும் வயிற்றில் விழுங்கி நாக்கைக் காட்டிவிட்டு வெளியே வந்த உக்கிரபாண்டி, ஐந்தே நிமிஷத்தில் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தார். மாத்திரை முழுசாக வெளியே கிடந்தது.

“இன்னொண்ணு குடுப்பாங்களா?” என்று கேட்டுவரச் சொல்லி பால்பாண்டியை அனுப்பினார். ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்று சீட்டு வந்தது. கூடவே, வாந்தி எடுத்த விவரத்தைப் பதிவேட்டில் எழுதும்படி இன்னொரு சீட்டும் வந்தது. நேர்மையான மனுஷன், எழுதினார்.

விடுமுறை நாள் ஏற்பாடு இன்னும் விசேஷம். வெள்ளி சாயங்காலம் இரண்டு மாத்திரையை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். வீட்டில் ‘நன்னடத்தை உள்ள இரண்டு உள்ளூர்வாசிகள்’ முன்னிலையில் உடைத்து, விழுங்கி, அவர்களிடம் கையெழுத்து வாங்கி, உறையைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஊருக்குத் தெரியக் கூடாதென்று ராஜபாளையம் வரைக்கும் போய்க் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் வீட்டுக்கு, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மம்சாபுரமே சாட்சி சொல்ல வந்தது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? முதல் வாரம் இரண்டு பேர். மூன்றாம் வாரம் பதினேழு பேர். தன் நன்னடத்தையை எழுத்தில் காட்டிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ராக்கப்பன் மட்டும், இந்த ஊரில் நன்னடத்தை உள்ள இரண்டு பேரைப் பொறுக்குவது கஷ்டம் என்று சொல்லித் தான் ஒருவரே இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

எல்லாருக்கும் காப்பி போட்டே கனகலட்சுமிக்கு இடுப்பு ஒடிந்தது. காப்பியைக் குடித்துவிட்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் அய்யனார் கோவில் அருவியில் மூன்று நாள் தலையைக் கொடு என்றார். ஒருத்தி, “மாமா, நாக்க இன்னுங் கொஞ்சம் நீட்டுங்க, எம்புள்ள பாக்கல” என்றாள்.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த வெள்ளை மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அதற்கு இந்தக் கூத்து எதுவும் தெரியாது. கொட்டாவி குறைந்தது, கை நடுக்கம் நின்றது. முப்பதாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டில் இருந்த சட்னியைத் தொட்டு வாயில் வைத்தவர், “உப்பு கூடிப்போச்சு” என்றார். கனகலட்சுமி அடுப்படியை விட்டு ஓடி வந்தாள். ஒரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்கவில்லை. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், உடனே அழுதாள்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. கொல்லையில் சுவரோரம் அம்மாவின் களைக்கொத்தி சாத்தியிருந்தது. தினமும் பார்க்கிறதுதான். அன்று பார்த்தபோது அதன் பிடியில் அம்மா சுற்றியிருந்த பழைய சேலைத் துணி கண்ணில் பட்டது. தொண்டைக்குள் ஏதோ ஒன்று, நெல்லிக்காய் அளவுக்கு, வந்து நின்றது. உக்கிரபாண்டி அசையாமல் நின்றார், அசைந்தால் போய்விடும் என்று பயந்தார். செத்த நேரம் இருந்துவிட்டு அது போனது. ஆனால் வந்ததே, அது போதும். இன்னும் பன்னிரண்டு நாள்.

முப்பத்து நான்காம் நாள் வியாழக்கிழமை. விருதுநகரிலிருந்து ஆய்வாளர் அழகுராஜா திடீர் ஆய்வுக்கு வந்தார். முப்பது வருஷ சர்வீஸில் அவர் போன இடமெல்லாம் கணக்கில் ஏதாவது ஒன்று குறையும் என்று பேர் வாங்கியவர். செல்லாத முத்திரைத்தாளை எண்ணினார், சரியாக இருந்தது. முகம் வாடியது. அப்புறம் மாத்திரைப் பதிவேடு கையில் கிடைத்தது.

“வழங்கியது இருபத்து மூணு. உட்கொண்டது இருபத்து ரெண்டு. ஒண்ணு எங்க?”

“வாந்தி வந்திருச்சுங்க ஐயா” என்றார் உக்கிரபாண்டி.

“வாந்தில வந்தது யாரு பொருள்? விழுங்குற வரைக்கும் ஆபீஸ் பொருள். விழுங்குனப்புறம் உங்க பொருள். வெளிய வந்தப்புறம்?” அழகுராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு கேள்வி வந்ததே இல்ல. இதுக்கு என் லெவல்ல பதில் சொல்ல முடியாது. நான் யாரையும் சந்தேகப்படல. யாரையும் சந்தேகப்படாமலே எல்லாரையும் விசாரிக்கணும், அதான் நேர்மை. மேல இருந்து தெளிவுரை வாரது வரைக்கும் அறைக்கு சீல்.”

இரண்டு பூட்டுக்கும் மேலே துணி சுற்றி அரக்கு வைத்தார்கள். உள்ளே ஒன்பது மாத்திரை. அன்றைய மாத்திரை இன்னும் வழங்கப்பட்டிருக்கவில்லை.

“ஐயா, எனக்கு நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர்...” என்று உக்கிரபாண்டி சந்தனத்தின் முன்னால் போய் நின்றார்.

“உள்ள பத்திரமாத்தான் இருக்கு உக்கிரபாண்டி. ஒண்ணுகூடக் கொறையாது. அத நெனச்சு நீங்க தைரியமா இருக்கணும்” என்றார் சந்தனம்.

தெளிவுரை கேட்டுக் கடிதம் போனது. அதையும் அவர்தான் எழுதினார், ‘மிக அவசரம்’ என்று சிவப்பு மையில் மேலே போட்டார். மிக அவசரக் கடிதங்களுக்கென்று மேலே தனிக் கட்டு ஒன்று உண்டு, அதை மாதம் ஒரு தடவை பிரிப்பார்கள்.

நாலாம் நாள் தலைக்குள் ஷாக் அடிக்க ஆரம்பித்தது. கண்ணை இடமிருந்து வலமாகத் திருப்பினால் மண்டைக்குள் சுளீர் என்று ஒரு வெட்டு. நடந்தால் தரை மெத்தையாக அமுங்கியது. அதற்கு மறுநாள் விளக்குமாறு வாங்க ஒப்புதல் கேட்ட ஒரு கோப்பைப் படித்துக்கொண்டிருந்தபோது கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. துடைக்கத் துடைக்க வந்தது. விளக்குமாறில் அழுவதற்கு என்ன இருக்கிறது? அவர் கோப்பை மறுபடியும் படித்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. பஸ் ஹாரன் அடித்தால் அழுகை வந்தது. பால்பாண்டி டீ கொண்டுவந்து வைத்தால் அழுகை வந்தது.

வெளியே போய் டாக்டருக்கு போன் போட்டார். “அழுகை வந்திருச்சு டாக்டர்” என்றார், குரலில் ஒரு ஆசை.

அனுசியா எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம் சொன்னார். “அது உங்க அழுகை இல்லைங்க. மாத்திர திடீர்னு நின்னா ஒடம்பு இப்பிடிப் பண்ணும். கண்ணீரு வரும், அம்புட்டுதான். இன்னைக்கே கிளம்பி வாங்க, வேற எழுதித் தாரேன்.”

அவரால் பஸ்ஸில் நிற்க முடியாது என்று கனகலட்சுமியே போனாள். பல் ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் உட்காரவில்லை, கன்னத்தையும் பிடிக்கவில்லை. நேராக உள்ளே போய் வாங்கிக்கொண்டு வந்து அட்டையை அவர் கையில் வைத்தாள். “நாளைக்குக் காலையில இட்லி தின்னுட்டு மொத மாத்திரையப் போடுங்க. ஒரு பயலுக்கும் நாக்கக் காட்ட வேண்டாம்.”

அவர் சரி என்றார். காலையில் இட்லி தின்றார். அட்டையைக் கையில் எடுத்தார். வெளியிலிருந்து எந்த மாத்திரை கைக்கு வந்தாலும் உடனே ஒப்படைக்க வேண்டும் என்ற வரி அவர் எழுதியது. அதற்குக் கீழே இருக்கும் கையெழுத்து அவருடையது. இருபது வருஷத்தில் ஒரு உத்தரவையும் அவர் மீறியதில்லை, மீறுவது எப்படி என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. ஒரு வேளை முறைப்படி ஒப்படைத்தால் முறைப்படி அங்கேயே ஒன்றை வழங்கிவிடுவார்கள் என்றுகூட நினைத்தார். மாத்திரையை விழுங்காமல் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

சந்தனம் நெகிழ்ந்துபோனார். “இந்தக் காலத்துல இப்பிடி ஒரு ஊழியரா!” அட்டையை உறையில் போட்டு முத்திரை வைத்து, சீல் வைத்த அறைக்குள் வைக்க முடியாது என்பதால், தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். விசாரணை நடக்கும்போது புதுச் சரக்கிலிருந்து வழங்கினால் பழைய கணக்கு குழம்பிவிடும் என்று வெங்கடேஸ்வரி துண்டுச் சீட்டில் எழுதினார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சந்தனம் அவர் கருத்தை ஒப்புக்கொண்டு, “சரியாச் சொன்னீங்க மேடம்” என்று வாயைத் திறந்து பேசினார். பால்பாண்டி மட்டும், “சார், அந்த மனுசன் முகத்தப் பாருங்க சார்” என்றார். அதை எழுத்தில் கொடுக்கும்படி சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் கனகலட்சுமி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாமி வரம் கொடுத்தும் பூசாரி தடுத்த கதை ஊரில் உண்டு. இங்கே பூசாரியே தனக்கு வந்த வரத்தை மறித்துக்கொண்டான் என்று அவளுக்கு ஆத்திரம்.

தெவசம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாத்திரை நின்று பதினோராவது நாள். அம்மாவின் போட்டோவுக்கு முன்னால் இலை போட்டு, அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் சோளச் சோறும் வைத்திருந்தாள் கனகலட்சுமி. செட்டியார்பட்டியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். சந்தனமும் வெங்கடேஸ்வரியும் ஒரே ஆட்டோவில் வந்திருந்தார்கள். உக்கிரபாண்டி சூடத்தைக் கொளுத்தினார். கண்ணீர் கொட்டியது.

“வந்துருச்சுடா! அழுதுட்டான்!” என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். “இப்பத்தான் மாடத்தி மதினி மனசு குளுந்திருக்கும்.” ஒரு கிழவி அவர் தாடையைப் பிடித்து, “கல்நெஞ்சன்னு சொன்னேனே, எஞ்சாமி, மன்னிச்சுக்கோ” என்று ஒப்பாரியே வைத்தாள். காக்கைக்குச் சோறு வைத்தபோதும் அவர் கண் நிற்கவில்லை. பந்தியில் தண்ணீர் ஊற்றும்போதும் நிற்கவில்லை.

அழுதுகொண்டே அவர் உள்ளுக்குள் தேடினார். அம்மா களை எடுக்கிறதை நினைத்துப் பார்த்தார். காய்ச்சலில் கிடந்த தன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் அவள் நடந்ததை நினைத்துப் பார்த்தார். கடைசியில் அவள் கை எவ்வளவு லேசாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. அந்த நெல்லிக்காய் எங்கேயும் இல்லை. கண் மட்டும் தன் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது.

சந்தனம் எழுந்து கையமர்த்தினார். “ஒரு வார்த்த. ஆறு வாரத்துல இவருக்கு அழுகை வரும்னு டாக்டரம்மா சொன்னதா இவரு வெளக்கத்துல எழுதியிருந்தாரு. இப்ப வந்திருச்சு, எல்லாரும் பாத்தீங்க. ஆனா பதினோரு நாளா நாங்க மாத்திரையே குடுக்கல. இதுல இருந்து என்ன தெரியுது? கொணமாக்குனது மாத்திரை இல்ல, நிர்வாகம்!” சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இடது கையால் தொடையில் தட்டினார்கள். சந்தனம் குனிந்து உக்கிரபாண்டியிடம் மெதுவாகச் சொன்னார். “நாளைக்கு ஒரு வரைவு போட்டுருங்க. பயனாளி நலமாயிட்டதால மீதி ஒம்பதையும் அந்தப் புது அட்டையையும் அழிச்சிரலாம். தெளிவுரையும் தேவைப்படாது. எல்லாருக்கும் நிம்மதி.”

எல்லாரும் போன பிறகு கனகலட்சுமி எச்சில் இலைகளை அள்ளிப் போட்டுவிட்டு வந்து, துண்டை நீட்டினாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் நனைந்தது.

“அத்தைய நெனச்சா அழுதிய?”

“இல்லட்டி.”

“பொறவு யாருக்கு?”

“யாருக்கும் இல்ல. கண்ணு மட்டும்தான்.”

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊரே நிறைந்த மனசோடு போயிருக்கிறது, இனி ஒருத்தரும் அவரைக் கல்நெஞ்சன் என்று சொல்ல மாட்டார்கள். அவர் அழுதாயிற்று, கணக்குத் தீர்ந்தது. மறுபடியும் ஒரு தடவை அழ வேண்டும் என்று அவர் சொன்னால் யார் நம்புவார்கள்? “நாளைக்கு நான் ராஜபாளையம் போறேன்” என்றாள் கனகலட்சுமி. “மொதல்ல இருந்து. இந்தத் தடவ எங்க வச்சிருக்கேன்னு உங்ககிட்டயே சொல்ல மாட்டேன்.” அவர் தலையை ஆட்டினார். ஆட்டியதில் மண்டைக்குள் சுளீரென்றது. அந்த உறுதிமொழி இன்னும் அமலில் இருக்கிறதே என்ற கவலையும் கூடவே வந்தது.

திங்கட்கிழமை காலை இருக்கையில் உட்கார்ந்து வரைவை எழுதினார். ‘பயனாளி முழுமையாக நலமடைந்துவிட்டதால்’ என்று எழுதும்போது தாளில் இரண்டு சொட்டு விழுந்து மை பரவியது. வெங்கடேஸ்வரி அதைத் திருப்பி அனுப்பினார், கறை உள்ள தாளைக் கோப்பில் சேர்க்க முடியாது. உக்கிரபாண்டி ஒரு புதுத் தாளை எடுத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, முதலிலிருந்து எழுதிக் கொடுத்தார்.